பெரியவர்களுக்கான தடுப்பூசிகள்: துண்டறிக்கைக்கு உங்கள் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பரிந்துரைக்கப்படும் தடுப்பூசிகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதி வருகிறேன். அதைச் செம்மைப்படுத்த உங்கள் உதவியை நாடுகிறேன்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஊசியில் தொடங்கி, தட்டம்மை பரவாதிருக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரண்டு தவணைகளையும் பெற்றிருக்க வேண்டும் என்பது வரை குழந்தைகளுக்கான பகுதி முடிந்துவிட்டது. சிக்கல் பெரியவர்களுக்கான பகுதியில்தான். தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பு காலப்போக்கில் குறைவதால் பல நாடுகளில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை பரிந்துரைக்கப்படுவதையும், இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொடர்ந்து உருமாறுவதே அந்த ஊசியை ஆண்டுதோறும் போடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் சில வரிகளில் எப்படி விளக்குவது? கருவுற்ற தாய் போட்டுக்கொள்ளும் கக்குவான் இருமல் தடுப்பூசி, பிறக்கும் குழந்தையை முதல் சில மாதங்களில் காக்கிறது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன்.

மருத்துவர்களும் செவிலியர்களும், பெரியவர்கள் உங்களிடம் அடிக்கடி எழுப்பும் ஐயங்களையும், அவர்களைத் தயங்க வைப்பது செலவா, பக்கவிளைவு குறித்த அச்சமா, வெறும் மறதியா என்பதையும் தெரிவித்தால் பெரிதும் பயன்படும். அச்சுறுத்தும் படங்களைச் சேர்க்கப்போவதில்லை. அவை படிப்பவரை விலக்கிவிடும் என்பது என் கருத்து. அட்டவணை நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒவ்வொருவரும் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற குறிப்பும் இடம்பெறும். அச்சுக்கு அனுப்பும் முன் மருத்துவத் தகவல்களைச் சரிபார்த்துத் தர முன்வருபவர்களுக்கு வரைவை உடனே அனுப்பிவைக்கிறேன்.