ஜாஸ் ரெக்கார்டும் நல்ல செட்டும்: வடஆற்காட்டு அனுபவங்கள்

பாகாயம், வேலூர்

நம்ம பக்கம் ஜாஸ் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் ரெக்கார்டும் நல்ல செட்டும் இங்கே வராமல் இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர்கள் ஊர் திரும்பும்போது கனமான சாமான்களை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்தவர்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்வரும்போது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் வாங்கி வந்தார்கள். அவற்றில் பல இன்றைக்குப் பரணிலும் மாடிப்படிக்குக் கீழேயும் கிடக்கின்றன. பெரும்பாலும் ஏதோ ஒரு சின்னக் கோளாறில் நின்றுபோனவைதான். அப்படி உங்கள் கைக்கு எது வந்தது, அதை எப்படிப் பாட வைத்தீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு அமெரிக்க டர்ன்டேபிள் இருந்தது, பழைய டாக்டர் ஒருவர் விட்டுப்போனது. கூடவே 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எல்பி என்கிற பெரிய வினைல் ரெக்கார்டுகளும். எடுத்துவந்து துடைத்து, பெல்ட் மாற்றி, சாக்ஸஃபோன் கலைஞர் சானி ராலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலாசஸ்' போட்டேன். டெனர் சாக்ஸ் உறுமியது. மூன்று அரைச்சுரத்துக்கும் மேலே இறங்கிப் போயிருந்தது சுருதி. ரிப்பேர் கடையில் மோட்டார் போய்விட்டது, வேறு மோட்டார்தான் போடணும் என்றார்கள். மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 அலை, நமக்கு 50. அந்தக் காலத்து டர்ன்டேபிள்கள் பலவற்றில் சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கும். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் இல்லை, ஹெர்ட்ஸ்தான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைத்துத் தரும், ஹெர்ட்ஸைத் தொடாது. அதனால் நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு, 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல மெஷின்களை இந்த ஒரு காரணத்துக்காகவே காயலாங்கடையில் போட்டிருக்கிறார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது. செலவு குறைந்த வழி, மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் புல்லியைப் பெரிதாக்குவது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். பழைய புல்லி 10 மி.மீ. இருந்தது. 60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2, அப்போது 12 மி.மீ. கடைந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் பெல்ட்டை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "இதோட கனத்தையும் கணக்குல சேர்க்கணும் சார்" என்றார். பெல்ட் 1 மி.மீ. தடிமன். 10-உம் 1-உம் சேர்ந்து 11, அதை 1.2-ஆல் பெருக்கினால் 13.2, அதில் பெல்ட்டைக் கழித்தால் 12.2. அந்த 0.2-ஐ விட்டிருந்தால் வேகம் ஒன்றரை சதவீதம் குறைந்திருக்கும், சுருதி காது உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பித்தளையில் கடைந்து, சின்னதாக ஒரு ஸ்க்ரூ வைத்துக் கொடுத்தார். அவர் வேலையின் சுத்தத்தைப் பார்க்கவே கண் குளிர்ந்தது.

வேகம் சரியா என்று பார்க்க, தட்டின் மேல் வைத்துச் சுற்றவிடும் 180 கோடு போட்ட வட்ட அட்டை, ஸ்ட்ரோப் அட்டை, வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், அதற்கு இந்த எண்ணிக்கைதான் பொருந்தும். மெஷினோடு வந்த அமெரிக்க அட்டையில் 216 கோடு, அது இங்கே உதவாது. விளக்கும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டாக இருக்கட்டும், பல எல்.இ.டி. விளக்குகளில் கோடு சரியாகத் தெரியாது. தட்டு மெதுவாகச் சுற்றினால் கோடுகள் பின்னால் நகரும், வேகமாகச் சுற்றினால் முன்னால் நகரும். புதுப் புல்லியில் அப்படியே நின்றுவிட்டன.

அப்புறம் அதே ரெக்கார்டைப் போட்டேன். முதல் பாட்டில் மேக்ஸ் ரோச் டிரம்ஸில் தனியாகத் தொடங்குவார். ராலின்ஸ் நுழைந்ததும் கீழே டக் வாட்கின்ஸின் டபுள் பாஸ் நடக்கத் தொடங்கும். 1956-இல் இதைப் பதிவு செய்தவர் ரூடி வேன் கெல்டர். பகலில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதிக்கொடுக்கிற வேலை, மிச்ச நேரத்தில் நியூஜெர்சி ஹேக்கன்சாக்கில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் ரெக்கார்டிங். அவர் வெட்டிய தட்டுகளில் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வருகிற வெற்றிடத்தில், ஆர்.வி.ஜி. என்றோ வேன் கெல்டர் என்றோ பொறித்திருக்கும். பழைய ரெக்கார்டு கையில் கிடைத்தால் அட்டைப்படத்துக்கு முன் அந்த இடத்தைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

ஒரு செட்டை எடைபோட நான் சத்தத்தைக் கூட்டுவதில்லை, குறைப்பேன். பக்கத்து அறைப் பேச்சு காதில் விழுகிற அளவுக்குக் குறைத்த பிறகும், டபுள் பாஸின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து அடங்க வேண்டும். எல்லாம் ஒரே 'கும்' என்று வந்தால், எத்தனை லட்சம் போட்ட செட்டாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். வேகமும் ஊசியும் சரியாக இருந்தால் சாதாரண செட்டிலேயே இது கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆம்பூர்

அண்ணா, நீங்கள் சொன்ன பரண் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் மாமா ஷூ அப்பர் ஏற்றுமதி செய்தவர். ஜெர்மனியில் கண்காட்சிக்குப் போனபோது வாங்கிவந்த ஸ்பீக்கர் ஜோடி பல வருஷமாகப் போர்வை போட்டுக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால், அடிமட்ட ஒலி தருகிற உஃபரின் காகிதக் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் கை பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்த ஃபோம் தாங்குவதில்லை. ஆனால் கோன் காகிதம் நன்றாக இருந்தது. மெல்ல அழுத்திப் பார்த்தேன், கோனுக்குப் பின்னால் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) எங்கேயும் உரசவில்லை.

ரெடிமேட் ஃபோம் ரிங் அந்த அளவில் கிடைக்கவில்லை. மாமா யோசித்துவிட்டு, கையுறைக்குப் போகிற ஆட்டுத்தோலில் ஒரு துண்டு கொண்டுவந்தார். பூ மாதிரி மெல்லிசு. ஸ்பீக்கர் வந்த புதிதில் ஓரத்துக்குத் தோல் வைத்தே செய்திருக்கிறார்கள், அதனால் புதுசாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. கஷ்டமான இடம், கோனை நடுவில் நிறுத்துவது. மூடியாக ஒட்டியிருக்கும் டஸ்ட் கேப்பை எடுத்துவிட்டு, காயிலுக்கும் நடுக் காந்தத் தண்டுக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சன்னமாக வெட்டி நாலு பக்கமும் செருகினோம். ஒட்டு காய்ந்த பிறகுதான் ஃபிலிமை உருவணும். தோலை விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்வு விட்டு ஒட்டணும், இல்லாவிட்டால் கோன் அசையாது.

சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்' போட்டோம். 1959-இல் வந்தது, குழுவின் தலைவரே பாஸ் வாசிப்பவர் என்பதால் அதை எடுத்தேன். அடிமட்ட சுரங்கள் கொஞ்சம் குறைவுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சரியான அளவில் ஃபோம் கிடைத்தால் அதையே போடுங்கள். ஆனால் பாஸ் கெட்டியாக, கலங்காமல் வருகிறது. மாமாவுக்கு ஜாஸ் பழக்கமில்லை. பாட்டு ஓடுகையில் தோல் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, அது அதிர்வதைத் தட்டு முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணிப்பேட்டை

தம்பிகள் இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஜாஸ் வந்தது ரெக்கார்டில் இல்லை, ஷார்ட்வேவில். ஆற்காட்டில் இருந்தபோது வீட்டில் ஒரு பிலிப்ஸ் வால்வ் ரேடியோ. இரவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் வருவார். 1955-இல் தொடங்கிய நிகழ்ச்சி, எலிங்டன் குழுவின் இசையோடு ஆரம்பிக்கும். இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். வாசித்தவர்கள் பெயரெல்லாம் அவர் வாயால் கேட்டுத்தான் எனக்கு மனப்பாடம். அலை ஏறி இறங்கும், நடுவில் கரகரப்பு. இருந்தாலும் விடமாட்டேன்.

மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த என் தம்பி கூடவே உட்காருவான். டேவ் ப்ரூபெக் குழு வாசித்த 'டேக் ஃபைவ்' வந்தபோது தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கண்டம். ஆனா தக தகிட இல்ல, தகிட தக" என்றான். கண்டம் என்றால் ஐந்து எண்ணிக்கை, இங்கே மூன்றும் இரண்டும். மிகச் சரி. அதை எழுதியது ப்ரூபெக் இல்லை, சாக்ஸ் வாசித்த பால் டெஸ்மண்ட். நம் தாளம் தெரிந்தவர்களுக்கு அந்த 1959 ரெக்கார்டு சுலபமாகப் பிடிபடும், ஜாஸ் புதிது என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று. நம் வீடுகளில் மொசைக் தரை, வெறும் சுவர், காங்கிரீட் தளம். எவ்வளவு நல்ல செட்டு வைத்தாலும் கணீரென்று எதிரொலிக்கும். நான் எதிர்ச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தேன். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். சிம்பல் சத்தத்தில் இருந்த கூச்சல் போய்விட்டது.

காட்பாடி

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய எல்பி ஒன்று கிடைத்து, கூடவே வாசிக்க உட்கார்ந்தேன். முதல் பக்கம் என் கீபோர்டோடு சேரவே இல்லை. டி-யிலும் நிற்காமல் டி ஷார்ப்பிலும் நிற்காமல் நடுவில் நின்றது. திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் சுத்தமாகச் சேர்கிறது. டர்ன்டேபிள் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் தப்ப வேண்டுமே.

கோளாறு நியூயார்க்கில் நடந்தது. முதல் பக்கத்து மூன்று பாட்டும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்றைக்கு மாஸ்டர் டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. காப்பாக இன்னொரு மெஷினில் எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து 1992-இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். திருத்தியதில் பால் சேம்பர்ஸின் பாஸ் கொஞ்சம் கனத்து, அவசரம் இல்லாமல் பேசுகிறது. பாகாயம் அண்ணன் சொன்னபடி சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எனக்குப் பிடித்தது திருத்தியதுதான்.

குடியாத்தம்

நான் புதிது, மறுபதிப்பு எல்பிதான் வாங்குகிறேன். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' போட்ட அன்று, சமையலறையில் இருந்த அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார். "யாருடி தம்புரா மீட்டுறது?" என்றார். அந்த மீட்டலுக்கு மேலே பாஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அப்புறம் ஹார்ப் வரும். 1971-இல் வந்த ரெக்கார்டு. பெயரில் இருக்கும் சச்சிதானந்தா நம் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி என்று சொன்னதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸ் ஏறுகிற இடத்தில் முகம் சுளிப்பாரோ என்று பார்த்தேன். இல்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு சந்தேகம். தாத்தா வீட்டிலிருந்து எல்பியும், அதைவிடக் கனமான, நிமிஷத்துக்கு 78 சுற்றுகிற பழைய தட்டுகளும் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை. எப்படிக் கழுவுவது?

பாகாயம், வேலூர்

குடியாத்தம் சகோதரிக்கு. முதலில் எல்பியையும் 78-ஐயும் பிரித்து வையுங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு. எல்பி வினைல். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, மிருதுவான பிரஷ்ஷால், ஊசி ஓடுகிற கோடு போகிற வழியிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே தேய்க்க வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வைக்காதீர்கள், வேலூர் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

78 பெரும்பாலும் அரக்கு கலந்தது. அதில் ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ படவே கூடாது, அரக்கு கரைந்து கோடே அழிந்துவிடும். சோப்புத் தண்ணீரும் தொட்டுத் துடைக்கிற அளவுக்குத்தான், ஊற வைக்காதீர்கள். கீழே விழுந்தால் தட்டு மாதிரியே உடையும், மடியில் வைத்துத் துடையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், எல்பி ஊசியில் 78 போடாதீர்கள். 78-இன் கோடு எல்பியைவிட ரொம்ப அகலம். எல்பி ஊசி அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் மேல் என்ன மாடல் எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், அதற்கு 78 ஊசி தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.