ஊட்டி ஃப்யூஷியா பெங்களூர்ல வாடுது, தண்ணி ஊத்த ஊத்த மோசமாகுது

அல்சூர் பால்கனி:
மக்களே உதவி வேணும். டிசம்பர்ல ஊட்டி போனப்ப ஃப்யூஷியா வாங்கிட்டு வந்தேன், ஜிமிக்கி மாதிரி செவப்பும் ஊதாவுமா தொங்குமே அதான். நர்சரில 'ஹார்டி வெரைட்டி சார், எங்க வச்சாலும் வரும்'னாங்க. பிப்ரவரி வரைக்கும் அள்ளிப் பூத்துச்சு, இப்ப ஏப்ரல்ல மொட்டு விரியாமலே கொட்டுது, மத்தியானம் இலையெல்லாம் துவண்டு தொங்குது, நானும் காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் ஊத்தறேன். மேற்கு பார்த்த பால்கனி, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி.

குன்னூர் பொண்ணு:
அண்ணா, ஹார்டின்னா குளிரத் தாங்கும்னு அர்த்தம், வெயில இல்ல 😀 மகெல்லானிகாங்கற ஹார்டி ஃப்யூஷியா வகையோட சொந்த ஊரு சிலி, அர்ஜென்டினாவோட தென்கோடி. இங்கிலாந்துல பனில தண்டு கருகிப் போனாலும் வசந்தத்துல வேர்ல இருந்து துளுக்கும், அதுக்குத்தான் ஹார்டிங்கற பேரு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, பெங்களூர் 900 சொச்சம். சூடு 30 தாண்டுனா மொட்டு உதுரத்தான் செய்யும். முதல்ல மண்ணுல விரல விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஊத்தாதீங்க.

ஜெயநகர் மாடி:
ஒரு ஸ்பூன் டிஏபி உரம் போடுங்க ப்ரோ, சரியாயிடும்

குன்னூர் பொண்ணு:
ஐயோ வேணாம். வாடி நிக்கிற செடிக்கு உரம் போட்டா வேரு கருகிடும்.

அல்சூர் பால்கனி:
விரல விட்டேன், சொதசொதன்னு இருக்கு 🤦 அடித்தட்டுலயும் தண்ணி நிக்குது. கவுத்துப் பார்த்தா பாதி வேரு பழுப்பாகி நாறுது.

குன்னூர் பொண்ணு:
அதான் விஷயம். வேரு அழுகுனா தண்ணி உறிஞ்ச முடியாது, அதனால இலை வாடும், நாம தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்துவோம். அழுகுன வேர வெட்டிட்டு, செம்மண், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), கொஞ்சம் ஆத்து மணல் கலந்து மண் தொட்டிக்கு மாத்துங்க, அடித்தட்டு வேணாம். தண்டையும் மூணுல ஒரு பங்கு கழிச்சுடுங்க, பாதி வேரால அவ்வளவு இலைக்கு தண்ணி குடுக்க முடியாது, பூ எப்படியும் புதுத் துளிர்லதான் வரும். காலை வெயில் மட்டும் படற கிழக்குப் பக்கம் வைங்க. வெட்டுனதுல நல்ல நுனியா நாலு விரல் நீளம் எடுத்து ஈர கோகோபீட்ல குத்தி வைங்க, தாய்ச்செடி போனாலும் கையில ஒண்ணு இருக்கும்.

அல்சூர் பால்கனி:
கிழக்குல ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு, அங்க அம்மா துளசி வச்சிருக்காங்க. பேசிப் பாக்கறேன்.

மூணு வாரம் கழிச்சு அப்டேட்: பெரிய செடி போயிடுச்சு. குத்தி வச்ச நாலுல ரெண்டு துளிர் விட்டிருக்கு, துளசி பக்கத்துலயே. தண்ணி ஊத்தற வேலைய அம்மா எங்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்க.