பெருங்குடி குப்பைமேடு இருந்த இடம்: பூங்காவா, தண்ணீருக்கா?

துரைப்பாக்கத்தான்:
சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைக் கிளறிப் பிரித்தெடுத்து, மீட்ட நிலத்தில் பூங்கா அமைக்கும் யோசனையை மாநகராட்சி முன்பே பேசியிருக்கிறது. கூடாது, சதுப்புக்கே விட வேண்டும் என்கிறார்கள் சிலர். நான் பூங்கா பக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் எடுத்துப் பார்த்தால் காற்று நுழைந்த இடத்தில் மட்டும் துண்டில் கறுப்புக் கோடு. அம்மாவுக்கு ஆஸ்துமா. முப்பது வருஷத்துக்கு மேல் ஊர்க் குப்பையைச் சுமந்த பகுதி இது. எங்கள் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல் கேட்பது பேராசையா?

நீர்க்கோழி:
பேராசை இல்லை சார். கேட்கிற இடம்தான் தப்பு. மேடாவதற்கு முன் அது பள்ளிக்கரணைச் சதுப்பு. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. கடல் ஏற்றமாக இருந்தால் தண்ணீர் உடனே வடியாது, எங்காவது காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற இடம்தான் சதுப்பு. அந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டதால் 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் வந்து காத்திருந்தது.

2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இருந்த சதுப்பில் அது சிறு பங்குதான். அதை ஒட்டியே சுமார் 225 ஏக்கர் கிடங்கு. அங்கே மறுபடி மண் கொட்டி நடைபாதைக் கல் பதித்தால், குப்பையை எடுத்து என்ன பயன்?

துரைப்பாக்கத்தான்:
உலகத்தில் யாருமே செய்யாததா? மும்பையில் கோராய் மேடு கடற்கழியின் ஓரத்தில்தான் இருந்தது, இன்று பச்சையாக இருக்கிறது. நியூயார்க்கில் ஃப்ரெஷ் கில்ஸ், அதுவும் சதுப்பு. 1948-ல் கொட்டத் தொடங்கி 2001-ல் நிறுத்தினார்கள், இப்போது பூங்காவாகிறது.

பழைய இன்ஜினியர்:
தம்பி, அந்த இரண்டு இடத்திலும் குப்பையை எடுக்கவில்லை. அப்படியே வைத்து, மேலே நீர் புகாத விரிப்பும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே உண்டாகும் வாயுவைக் குழாயில் எடுத்தார்கள். மூடிய மேட்டின் மேல் புல் வளர்ப்பதைத் தவிர வேறு வழி குறைவு. பெருங்குடியில் நாம் செய்தது வேறு. அந்தச் செலவு பண்ணியதே நிலத்தைத் திரும்பப் பெறத்தான்.

பயோமைனிங் தெரியாதவர்களுக்கு: மேட்டைக் கிளறி வரப்பு மாதிரி நீளநீளமாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டிக் காயவிடுவார்கள். பிறகு ஓட்டை போட்ட பெரிய சுழலும் உருளையில் சலிப்பார்கள். கல், இரும்பு, கண்ணாடி தனியாகப் போகும். பிளாஸ்டிக், துணி எல்லாம் எரிபொருளாக அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைக்கு லாரியில் போகும். கடைசியில் மிஞ்சுவது கறுப்பு மண்.

நான் வேறொரு ஊரில் இந்த வேலையில் இருந்தேன். சலித்த மண்ணை ஒரு கைப்பிடி அள்ளினால் பொலபொலவென்று நன்றாகத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஷாம்பு பாக்கெட்டின் நகத்தளவு துண்டுகள், ஊசிமுனைக் கண்ணாடி, பேட்டரியின் கரித்தூள். ஒரு துண்டில் 50 காசு விலைகூடப் படிக்க முடிந்தது. ஈயம், காட்மியம் எவ்வளவு என்று சோதிக்காமல் அதைத் திடலில் பரப்பி, அதன் மேல் குழந்தைகளை விளையாட விட நான் சம்மதிக்க மாட்டேன். தண்ணீரில் கரைத்துவிடவும் சம்மதிக்க மாட்டேன். நீர்க்கோழி அதை யோசிக்க வேண்டும்.

நீர்க்கோழி:
ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அடிக் குப்பை வரை எடுத்து, அடிமண்ணையும் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் கரையைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் நஞ்சு முழுக்க நாரைக்கும் மீனுக்கும் போய்விடும்.

கல்பனா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பெரியம்மா அந்த மேட்டில் பதினைந்து வருஷம் பொறுக்கினார். கையில் இரும்புக் கொக்கி, தோளில் சாக்கு. இரும்பையும் பாட்டிலையும் காயலான் கடையில் போட்டுத்தான் அக்காக்களைப் படிக்க வைத்தார். பூங்காவோ ஏரியோ, காவலுக்கும் நாற்றங்காலுக்கும் ஆள் எடுக்கும்போது அவரைப் போல அங்கே பொறுக்கியவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

துரைப்பாக்கத்தான்:
அக்கா சொல்வதை நூறு சதவீதம் ஏற்கிறேன். நீர்க்கோழி, என் பயத்தையும் கேளுங்கள். இந்த ஊரில் காலியாகக் கிடக்கும் ஈரநிலம் எத்தனை நாள் காலியாக இருந்திருக்கிறது? முதலில் கட்டட இடிபாட்டைக் கொட்டுவார்கள், அப்புறம் ஒரு கொட்டகை, அப்புறம் மின் இணைப்பு. பூங்கா என்றால் வேலி, விளக்கு, தினமும் நடக்க வருகிற ஆயிரம் கண்கள் இருக்கும். தண்ணீருக்கு யார் காவல்?

நீர்க்கோழி:
நல்ல கேள்வி. வனத்துறையிடம் ஒப்படைத்துக் காப்புக்காட்டோடு சேர்க்கச் சொல்வேன், 2007-ல் சதுப்பின் ஒரு பகுதியை அப்படித்தான் காப்பாற்றினார்கள். ஆனால் நீங்கள் சொன்ன ஆயிரம் கண்களும் வேண்டும். ஏற்கெனவே மேடாக இருக்கிற சாலையோர விளிம்பில் மட்டும் மண் திடலும் நடைபாதையும் இருக்கட்டும், கட்டடம் வேண்டாம். மற்றதெல்லாம் தண்ணீருக்கு.

துரைப்பாக்கத்தான்:
விளிம்பு என்றால் பத்து ஏக்கரா, ஐம்பதா? பத்து என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய இன்ஜினியர்:
ஏக்கரை நாம் பேரம் பேசி முடிவு செய்ய வேண்டாம். நில மட்டத்தை அளந்து, 2015 வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடு போடட்டும். கோட்டுக்குக் கீழே தண்ணீர், மேலே திடல். அந்த அளவீட்டை மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். துரைப்பாக்கத்தான், உங்கள் குடியிருப்போர் சங்கம் கையெழுத்துப் போடுமா?

துரைப்பாக்கத்தான்:
ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள் சார்.