கரண்ட் போனதிலிருந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் எழுந்திருக்க மாட்டேங்குது

ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை. பில்லிங் சர்வரில் உபுண்டு, மைஎஸ்க்யூஎல் 8.0. சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போச்சு, யூபிஎஸ் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இப்போ சர்வீஸ் ஸ்டார்ட் ஆகி உடனே செத்துப்போகுது. லாகில் பேஜ் கரப்ஷன் (டேட்டா ஃபைலில் ஒரு பகுதி கெட்டுப்போச்சு) என்று வருது. கடைசி பேக்கப் 12 நாள் பழசு, அதுவும் கடை மூடினப்புறம் ராத்திரி எடுத்தது. ரீடோ லாக் என்கிற ஃபைலை அழிச்சா எழுந்துக்கும் என்கிறார் தெரிஞ்சவர் ஒருத்தர். செய்யலாமா? திங்கள் ராத்திரி சந்தை ஆரம்பம், முதலாளி தலைமேல நிக்கிறார்.

பதில்:
கை வைக்காதீங்க சார். கம்மிட் ஆகி (சேவ் உறுதியாகி), டேபிள் ஃபைலுக்கு இன்னும் போய்ச் சேராத பில் எல்லாம் அந்த ரீடோ லாகில்தான் இருக்கு. நானே ஒருமுறை அழிச்சுட்டு மூணு நாள் தூங்கலை.

முதல்ல சர்வீஸை நிறுத்தி, டேட்டா ஃபோல்டர் முழுசையும் வேற டிஸ்க்குக்கு காபி பண்ணுங்க. அப்புறம் கான்ஃபிக்ல இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரியை (கெட்ட டேட்டா இருந்தாலும் டேட்டாபேஸை வலுக்கட்டாயமா எழுப்புற செட்டிங்) 1 வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. எழலைன்னா 2, அப்புறம் 3. எழுந்த உடனே டம்ப் (டேட்டா முழுசையும் வெளியே ஒரு ஃபைலா) எடுத்துடுங்க. 4-ம் அதுக்கு மேலயும் போனா அதுவே டேட்டாவை நிரந்தரமா கெடுக்கலாம், காபி மேல மட்டும் ஓட்டுங்க. இந்த நிலையில பில் போட முடியாது, எழுத விடாது.

இன்னொரு பதில்:
பின்லாக் (டேட்டாவில் நடந்த மாத்தம் ஒவ்வொண்ணையும் வரிசையா எழுதி வைக்கிற ஃபைல்) இருக்கான்னு பார்த்தீங்களா? 8.0-ல தானாவே ஆன்ல இருக்கும், யாரும் மாத்தலைன்னா 30 நாள் வச்சிருக்கும். உங்க பேக்கப் 12 நாள்தானே! வேற மெஷின்ல அதை ஏத்தி, அந்த ராத்திரியிலிருந்து பின்லாகை மேல ஓட்டுங்க. கடை மூடியிருந்ததால நேரக் குழப்பமும் வராது. டபுள்ரைட் (ஒவ்வொரு பேஜையும் இரண்டு இடத்துல எழுதுற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா பாதி எழுதின பேஜ் தானா சரியாகியிருக்கணும். ஆகலைன்னா டிஸ்க்கையும் சந்தேகப்படுங்க.

கேட்டவர்:
ரெகவரி 1-லயே எழுந்துச்சு, ஆனா பில் விவர டேபிள்ல டம்ப் பாதியில நின்னுடுச்சு. அண்ணன் சொன்ன மாதிரி பின்லாக் வழியாப் போனேன். 12 நாளும் வந்துடுச்சு! சனிக்கிழமை கடைசி பில் மட்டும் இல்லை, சேவ் பண்றதுக்குள்ள கரண்ட் போயிருக்கு. அதைக் கையால ஏத்திட்டேன். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவங்க வேகத்துக்காக டபுள்ரைட்டை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. யூபிஎஸ் பேட்டரிக்கு முதலாளி இப்போதான் காசு கொடுத்தார்.