பொருள்: எண்ட்ரோபி கோடிங் – தமிழ்ச்சொல் வேண்டும்

அன்பர்களே,
தரவுச் சுருக்கப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த பிட்டும் (0 அல்லது 1 என்ற இலக்கம்) அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட்டும் தரும் முறைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. நான்கு எழுத்துகள் 1/2, 1/4, 1/8, 1/8 என்ற விகிதத்தில் வந்தால் 0, 10, 110, 111 என்று தருகிறோம். எழுத்துக்குச் சராசரி 1.75 பிட், எல்லாவற்றுக்கும் சமமாகத் தந்தால் 2. எண்ட்ரோபியைச் சிதறம் என்று கொண்டு, இப்போதைக்குச் 'சிதறக் குறியாக்கம்' என எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

——
இங்கே எது சிதறுகிறது? 1865இல் இயற்பியலாளர் கிளாசியசு கிரேக்கத்திலிருந்து எண்ட்ரோபி என்ற சொல்லை ஆக்கியபோதும் மாறுதல் என்ற பொருளையே கொண்டார். நம்மிடம் 'குறுக்கம்' இருக்கிறதே! ஐகாரம், ஔகாரம், மகரம், ஆய்தம் மாத்திரை குறைவதை அப்படித்தானே சொல்கிறோம்? மகரக்குறுக்கம் கால் மாத்திரை. எழுத்துக்கு எழுத்து அளவு வேறுபடுவது நன்னூல் படித்தவருக்குப் புதிதன்று. 'குறுக்கக் குறியாக்கம்' என்க.

——
ஐயா, மகரம் குறுகுவது இடத்தால். போன்ம், மருண்ம், வரும் வண்டி. எத்தனை முறை வருகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இம்முறைக்கோ எண்ணிக்கைதான் உயிர். அரிய எழுத்தின் குறி இதில் நீளவும் செய்கிறது. 'நிகழ்வெண் குறியாக்கம்' என்றால் புள்ளியியல் படித்த மாணவருக்கு உடனே விளங்கும்.

——
மோர்சு தந்திக் குறியீட்டிலும் ஆங்கில 'ஈ'க்கு (E) ஒற்றைப் புள்ளிதான் தந்தார்கள். அதுவும் நிகழ்வெண் பார்த்ததே. தகவல் கோட்பாட்டை நிறுவிய ஷானன் 1948இல் காட்டியது வேறு: மேற்சொன்ன எழுத்துகள் ஒன்றையொன்று சாராமல் வந்தால், இழப்பின்றி மீட்கத்தக்க எந்தக் குறியாக்கமும் சராசரியில் 1.75க்குக் கீழே போகாது. அந்த எல்லைதான் எண்ட்ரோபி. பெயரில் அது இல்லாவிட்டால் முறையின் இலக்கே போய்விடும். எண்ட்ரோபி என்றே எழுதுங்கள்.

——
ண், ட், ர் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் ஏற்காது. 'எந்திரோப்பி' என்றாவது எழுதலாம். எனக்குச் சிதறமே போதும். இருபது பெயர்களை அலசுவதைவிட, வழங்கத் தொடங்கிய ஒன்றைப் பிடித்துக்கொள்வது மேல்.

——
அனைவருக்கும் நன்றி. மாணவருக்கு உடனே விளங்கும் என்பதால் 'நிகழ்வெண் குறியாக்கம்' என்றே அனுப்புகிறேன். முதலில் வருமிடத்தில் எந்திரோப்பியையும் ஷானன் எல்லையையும் விளக்கிவிடுகிறேன்.

——
எண்ட்ரோபி என்றே எழுதச் சொன்ன என் மறுப்பு நிற்கட்டும். எழுத்துக்கொரு குறி தரும் 1952இன் ஹஃப்மன் முறைக்கு இப்பெயர் ஒத்துப்போகும். அடுத்த இயலின் எண்கணிதக் குறியாக்கத்தில் எழுத்துக்கென்று தனிக் குறியே கிடையாது. செய்தி முழுவதும் ஒரே பின்னமாகிறது. இரண்டையும் ஒரு குடைக்கீழ் சேர்ப்பது ஷானன் எல்லைதான். இரண்டாம் பதிப்பிலாவது மாற்றுங்கள்.