படத்தில் வரும் சைக்கிளும் ரோட்டில் போகும் நாமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை பெடல்:

நண்பர்களே, ரொம்ப நாள் எரிச்சல், இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலிருந்து சேதராப்பட்டுக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். கியர் சைக்கிள், ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் உண்டு, வீட்டில் ஸ்கூட்டரும் சும்மாதான் நிற்கிறது. ஆனாலும் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர், "என்ன சார், வண்டிய சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" என்பார். இல்லை என்றால் "சுகரா?" என்பார். அதுவும் இல்லை என்றால் ஒரு பரிதாபப் பார்வை வரும் பாருங்கள், அதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். தியேட்டரில்.

1992இல் வந்த 'அண்ணாமலை'யில் ரஜினி பால் கேனோடு சைக்கிளில் வந்தபோது விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன், அதை மறுக்கவில்லை. ஆனால் கதை எதை நோக்கிப் போகிறது? பால்காரர் பணக்காரர் ஆகிறார், சைக்கிள் போகிறது, கார் வருகிறது. ஹீரோ முன்னுக்கு வந்துவிட்டார் என்று காட்ட டைரக்டருக்குச் சுலபமான வழி அவரை சைக்கிளிலிருந்து இறக்குவதுதான். அப்புறம், நாற்பதைத் தாண்டியும் பெடல் மிதிக்கிறவனைப் பார்த்தால், பாவம் இவன் இன்னும் இடைவேளைக்கே வரவில்லை என்றுதானே நினைப்பார்கள்?

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜி 'வந்த நாள் முதல்' பாட்டைப் பாடிக்கொண்டே சைக்கிளில் போவார். வறுமை என்று அழுவதில்லை, எந்தப் பெண்ணையும் துரத்துவதில்லை, யாரோ ஒரு மனிதர் யோசித்துக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். நமக்கு நிஜத்தில் சைக்கிளில் நடப்பது அதுதானே. பாதி யோசனை எனக்கு பெடல் மேல்தான் வருகிறது.

படம், சீரியல், விளம்பரம், செய்தி எதுவானாலும் சரி. அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் யார் என்ன கேட்டார்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஷூட்டிங்குக்கு சைக்கிள் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்.

திருப்பாப்புலியூர் ஒர்க்‌ஷாப்:

கொடுத்திருக்கேன் தம்பி. கடலூரில் கெடிலம் பாலத்துப் பக்கம் ஏதோ எடுக்கிறோம், பழைய சைக்கிள் ஒன்று வேண்டும் என்று ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். என்னிடம் அப்பா காலத்து டபுள் பார் ஒன்று இருக்கிறது, நானே கோன், பால்ஸ் மாற்றி, ரிம் கோட்டம் எடுத்து வைத்தது. ஹப்பைச் சுற்றி தோல் வார் போட்டிருப்பேன், சக்கரம் சுற்றச் சுற்ற ஹப் தானாகத் துடைபட்டு மின்னும். வாடகை பேசிக் கொடுத்துவிட்டு, சரி நம்ம வண்டி படத்தில் வருகிறதே என்று மதியம் போய்ப் பார்த்தேன். பையன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? செம்மண்ணைக் கரைத்து மட்கார்டில் பூசிக்கொண்டிருந்தான். சீட்டில் கிழிசல் துணி சுற்றியாகிவிட்டது. "ஏன்டா?" என்றால், "கேரக்டர் ஏழைண்ணா" என்கிறான்.

ஏழை வண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதுநகரில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். வண்டி நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதால் செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை, ஸ்போக் எல்லாம் அவர்கள் கவனிக்கிற மாதிரி யாரும் கவனிக்க மாட்டார்கள். துருப்பிடித்து வருவதெல்லாம் வசதியான வீட்டு வண்டி, பையன் ரெண்டு மாசம் ஓட்டிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போட்டது. இதை அந்தப் பையனிடம் சொன்னேன். "டைரக்டர் கேட்க மாட்டார்ணா" என்றான். படம் வந்ததும் பார்த்தேன், என் வண்டி கீச் கீச் என்று கத்துகிறது. என் வண்டிக்கு ஏதுப்பா அந்தச் சத்தம்? அப்புறம் ஸ்டூடியோவில் சேர்த்திருக்கிறார்கள்.

சீரியல் மாமியார்:

சீரியலில் சைக்கிள் வந்தாலே எனக்குப் படபடப்பு. ஒன்று அந்தத் தம்பி ரொம்ப நல்லவன், இல்லை அந்த அப்பா இன்னும் ரெண்டு எபிசோடில் லாரியில் அடிபடப் போகிறார். என் வீட்டுக்காரர் சைக்கிளில் பால் வாங்கப் போனால் என் மருமகள், "மாமா, பாத்துப் போங்க, நேத்து எபிசோட் நெனப்பு வருது" என்கிறாள்.

வெள்ளை நகர அசிஸ்டெண்ட்:

நான் ஷூட்டிங் பக்கத்து ஆள், கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்கிறேன். புதுச்சேரிக்கு வரும் யூனிட்டுகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, தெருவில் வண்டியை ஒதுக்குவது, சாமான் வாடகைக்கு எடுப்பது என் பிழைப்பு. துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, மஞ்சள் சுவர், போகன்வில்லா, அதன் முன்னால் கூடை வைத்த சைக்கிள். கூடையில் நீளமான ரொட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டிச்சேரி என்று தெரியாதாம்! ஒரு விளம்பரத்துக்கு வந்த பெண்ணுக்கு சைக்கிளே தெரியாது. இரண்டு பேர் ஃபிரேமுக்கு வெளியே குனிந்துகொண்டு கேரியரைப் பிடித்துத் தள்ளினோம், அவர் காற்றில் முடி பறக்கச் சிரித்தார். அது எதை விற்ற விளம்பரம் தெரியுமா? ஸ்கூட்டர்.

ஆனால் கதை என்று வந்தால் நம் ஆட்கள் சைக்கிளை நம்புவதில்லை. 1992இல் இந்தியில் 'ஜோ ஜீதா வஹீ சிக்கந்தர்' வந்தது, ஆமிர் கான் படம், கிளைமாக்ஸே காலேஜ் பையன்களின் சைக்கிள் ரேஸ்தான். அந்தக் கதையின் சாயலில் 1999இல் தெலுங்கில் 'தம்முடு' எடுத்தபோது ரேஸ் போய் கிக் பாக்ஸிங் வந்தது, அதைத் தமிழில் 2001இல் விஜய்யை வைத்து 'பத்ரி' என்று எடுத்தார்கள். சைக்கிளில் ஜெயித்தால் நம்ம ஊரில் கைதட்ட மாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று. 1948இல் இத்தாலியில் டி சிகா 'பைசிக்கிள் தீவ்ஸ்' எடுத்தார். போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் இருந்தால்தான் ஆகும், முதல் நாளே அது திருட்டுப் போகிறது, அப்பாவும் பையனும் ரோம் முழுக்கத் தேடுகிறார்கள். நம்மிடம் 2007இல் 'பொல்லாதவன்' வந்தபோது தொலைந்தது பல்சர். எனக்கு ரொம்பப் பிடித்த படம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை அக்கா:

டிவி செய்தியை யாரும் எழுதவில்லையே. 2021 ஏப்ரல் 6 நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டிலும் இங்கேயும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. நீலாங்கரையில் விஜய் சைக்கிளில் போய் வாக்களித்தார். பூத் பக்கத்துத் தெருதான், கார் நிறுத்த இடமில்லை, அதனால் சைக்கிளில் போனார் என்று அவர் தரப்பில் விளக்கமே கொடுத்தார்கள். சேனல்களுக்கு அது போதுமா? பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பா, எந்தக் கட்சிக்குச் சாடை என்று நாள் முழுக்க ஓடியது. நான் எல்லாத் தேர்தலுக்கும் போகிற மாதிரி சைக்கிளில்தான் பூத்துக்குப் போனேன். வாசலில் நின்ற ஒரு தம்பி, "அக்கா, நீங்களும் தளபதி ஃபேனா?" என்றான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "இல்லப்பா, பெட்ரோலுக்கு" என்று எனக்காகப் பதில் சொன்னார். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஓட்டுப் போட வந்தேன் என்று சொன்னால் யாருக்கும் ருசிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஜூன் 3 உலக சைக்கிள் தினம் என்று 2018இல் ஐ.நா. அறிவித்ததிலிருந்து வருஷா வருஷம் கடற்கரைச் சாலைக்கு மைக்கோடு யாராவது வருகிறார்கள். காலையில் அங்கே வண்டி விட மாட்டார்கள், நாங்கள் நிம்மதியாக ஓட்டுவோம். ஒரு சேனல் பையன் எங்களை ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னான், முகம் தெரிய வேண்டுமாம். வரிசையாக, சிரித்துக்கொண்டே, கையசைத்துக்கொண்டே வரச் சொன்னான். அன்று சாயங்காலம் செய்தியில் பின்னணிக் குரல், "உடல் எடையைக் குறைக்கும் பெண்கள்" என்றது. யாரும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய மார்க்கெட்டில் நிறுத்தும் இடம் இல்லாததைப் பற்றித்தான் பேசினோம், அது எடிட்டில் போய்விட்டது.

ரெட்டிச்சாவடி டீச்சர்:

அக்கா சொன்னதோடு சேர்த்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு அரசு சைக்கிள் வரும் நாளில் கிரவுண்டு முழுக்கப் பெண் பிள்ளைகள் வட்டமடிப்பார்கள். சினிமாவில் சைக்கிளில் வரும் பெண் எதற்கு வருகிறாள்? ஹீரோ மோத வேண்டும், புத்தகம் சிதற வேண்டும், துப்பட்டா சக்கரத்தில் மாட்ட வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இ.சி.ஆரில் பைக்கை ஒட்டி ஓட்டி வந்து ஹேண்டில்பாரைத் தட்டுகிறார்கள், கேட்டால் "சும்மா விளையாட்டு மிஸ்". ஒரு பிள்ளைக்கு முழங்கை பெயர்ந்து மாவுக்கட்டு போட்டோம், அவள் அம்மா ஒரு மாதம் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார். தண்டனை யாருக்கு என்று பாருங்கள். 1990களில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதில் எத்தனை கதை இருக்கும்!

இந்தக் கோபத்தில்தான் ஒரு சனிக்கிழமை 'வஜ்தா' படத்தைப் போட்டுக் காட்டினேன். சவூதிப் படம், 2012, ஹைஃபா அல் மன்சூர் எடுத்தது. அங்கே முழுக்க முழுக்கப் படமாக்கப்பட்ட முதல் முழுநீளப் படம், எடுத்தது ஒரு பெண். சைக்கிள் வாங்கக் காசு சேர்க்க ஒரு சிறுமி குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இந்தப் பொண்ணு சைக்கிள எதுக்கு கேக்குதுன்னு படம் முழுக்க தெரியுது. நம்ம படத்துல ஹீரோயின் எங்க போறான்னு ஒருத்தரும் கேக்கறதே இல்ல" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

சொல்தா பேரன்:

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஜூலை வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியை யாரும் தொடக்கூடாது, டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஓடும். மலையில் ஏறுகிறவன் முகம் கோணுவதை இவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்களே என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த மூச்சு வாங்கலை நம் படத்தில் எவனும் காட்டியதில்லை, நம் ஹீரோ மேட்டிலும் பாடுவான். தாத்தாவுக்குப் பிடித்த இன்னொன்று ழாக் தாத்தியின் 1949 படம். கிராமத்துத் தபால்காரர் ஒருவர், அமெரிக்காவில் தபால் எப்படி வேகமாகப் போகிறது என்று படம் பார்த்துவிட்டு சைக்கிளிலேயே அதைச் செய்து காட்டக் கிளம்புகிறார். ஓடும் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, அதையே மேசையாக வைத்துத் தபாலுக்கு முத்திரை குத்துவார். காமெடிதான், ஆனால் சிரிப்பு அவர் சைக்கிளில் போவதற்காக இல்லை, அவர் அவசரத்துக்காக.

லாஸ்பேட்டை பெடல்:

எல்லாரும் பின்னியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி. 2024இல் வந்த 'மெய்யழகன்' எந்தக் கணக்கில் வரும்? அரவிந்த்சாமி ஊரில் விட்டுப்போன சைக்கிள், தங்கள் வீட்டுக்கு அது என்னவாக இருந்தது என்று கார்த்தி சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. முதல்முறையாக சைக்கிளுக்கு மரியாதை கொடுத்தார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் அதுவும் பழைய நினைவுதான், இல்லையா? இன்றைக்குக் காலையில் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி எப்போது வரும்?

திருப்பாப்புலியூர் ஒர்க்‌ஷாப்:

தம்பி, அந்தப் படத்தால் எனக்கு வியாபாரம் நடந்தது, அதனால் குறை சொல்ல மாட்டேன். பரணில் கிடந்த வண்டியை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் மஞ்சக்குப்பத்திலிருந்து அவர் அப்பா வண்டியைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். பெயிண்ட் அடிக்கணும், பெல் பளபளக்கணும், டைனமோ லைட்டு கட்டாயம் இருக்கணும் என்றார். டயரும் ட்யூபும் உளுத்துப்போய் இருக்கு சார், மாத்தணும் என்றேன். "வேண்டாங்க, ஹால்ல நிக்கத்தானே போகுது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, மாற்றித்தான் கொடுத்தேன். ட்யூப் காசை மட்டும் இன்னும் தராமல் இழுத்தடிக்கிறார்.