காலையில் ஒரு தம் போட்டால்தான் வயிறு இறங்குமா?

காலைத்தம்:
இருபது வருடப் பழக்கம். எழுந்ததும் ஒரு டீ, கையில் ஒரு சிகரெட், பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். போன வாரம் நெஞ்சு எரிகிறது என்று டாக்டரிடம் போனால், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே "முதலில் சிகரெட்டை விடுங்கள்" என்கிறார். நுரையீரலுக்குக் கெடுதி என்றால் ஒத்துக்கொள்கிறேன், புகை அங்கேதான் போகிறது. வயிற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு நல்லதுதானே செய்துகொண்டிருக்கிறது!

மருந்துக்கடைக்காரன்:
புகை நுரையீரலோடு நின்றாலும் நிகோடின் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறதே அண்ணே. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை இருக்கிறது, சாப்பாடு உள்ளே போனதும் இறுக்கிக்கொள்ளும். நிகோடின் அதைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்க வேண்டியது எச்சில், புகைப்பவர்களுக்கு அதிலும் அமிலத்தை முறிக்கும் சத்து குறைவு. சாம்பார் மீது பழி போடாதீர்கள். என் கடையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு, படி இறங்கியதும் பற்றவைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

விடாக்கண்டன்:
ஆரம்பித்துவிட்டார்கள். அல்சர் கிருமியால் வருகிறது சார். பாரி மார்ஷல் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் அந்த ஹெலிகோபாக்டர் கிருமியைத் தானே குடித்து நிரூபித்தார், 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசே கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் எதற்கு சிகரெட்டைத் திட்டுகிறீர்கள்? எங்கள் தாத்தா 84 வயது வரை பீடி குடித்தார், ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்ததில்லை.

மருந்துக்கடைக்காரன்:
மார்ஷலுக்கு வந்தது இரைப்பை அழற்சி, அல்சர் இல்லை. அந்தக் கிருமி வயிற்றில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குப் புண்ணே வருவதில்லை. வருவதற்கு வேறு சிலதும் கூட்டுச் சேர வேண்டும், அதில் புகையும் ஒன்று. இரைப்பை உள்சுவருக்குப் போகும் ரத்தம் குறையும், அமிலத்தைச் சமன்செய்யக் கணையம் சுரக்கும் பைகார்பனேட்டும் குறையும். புண் ஆறத் தாமதமாகும். கிருமியைக் கொல்லக் கொடுக்கிற மாத்திரைகள்கூடப் புகைப்பவர்களிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தாத்தா விஷயம்... அவருக்காக வாதாட நீங்கள் இருக்கிறீர்கள், நாற்பதில் போனவருக்காக இங்கே வந்து எழுத யார் இருக்கிறார்கள்?

விடாக்கண்டன்:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பெருங்குடலில் புண் வந்து ரத்தமாகப் போகுமே, அல்சரேடிவ் கோலைடிஸ், அது புகைப்பவர்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. இதை நான் சொல்லவில்லை, மருத்துவப் புத்தகம் சொல்கிறது.

மருந்துக்கடைக்காரன்:
உண்மைதான், விட்டவர்களுக்குச் சில சமயம் அது தலைகாட்டுவதும் உண்டு. ஆனால் அதே குடும்பத்துக் குடல் அழற்சியான கிரோன் நோய் புகையால் மோசமாகிறது, அறுவை சிகிச்சை வரை போகிறது. பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் எப்படி? நீங்கள் சொன்ன கோலைடிஸுக்கு நிகோடின் பட்டையைத் தோலில் ஒட்டிச் சிகிச்சை செய்தும் பார்த்தார்கள், வழக்கமான மருந்தை அது மிஞ்சவில்லை. அப்புறம் கணையப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது, புகைப்பவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கும் ஏதாவது நல்ல பக்கம் வைத்திருக்கிறீர்களா?

விட்டுத்தொலைத்தவன்:
இரண்டு பேரும் சண்டையில் அவர் கேட்ட கேள்வியை மறந்துவிட்டீர்கள். நானும் காலைத்தம் கோஷ்டிதான், விட்டு மூன்று வருடம் ஆகிறது. நிகோடின் பெருங்குடலைக் கொஞ்சம் தூண்டலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூங்கி எழுந்தாலே பெருங்குடல் வேலையை ஆரம்பித்துவிடும், வயிற்றில் ஏதாவது இறங்கினால் இன்னும் வேகம் பிடிக்கும். டீ செய்கிற வேலைக்கு சிகரெட் பேர் வாங்கிக்கொள்கிறது நண்பரே! விட்ட புதிதில் எனக்கும் இரண்டு மூன்று வாரம் மலச்சிக்கல்தான், பாத்ரூமில் உட்கார்ந்து செய்தித்தாளில் வரிவிளம்பரம் வரை படித்து முடித்தேன். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் மறுபடி பற்றவைக்கிறார்கள். தண்ணீர், கொய்யா, கீரை என்று தள்ளினேன், தானாகச் சரியாயிற்று.

காலைத்தம்:
வரிவிளம்பரம் வரை என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வெறும் டீயோடு உட்கார்ந்து பார்க்கிறேன். வேலைநாளில் முடியாது, எங்கள் அலுவலகத்தில் கழிப்பறை ஒன்றுதான், மேனேஜரும் அதையேதான் பயன்படுத்துகிறார்.

விடாக்கண்டன்:
திங்கட்கிழமை வந்து உண்மையைச் சொல்லவும்.